பல்லை உடைக்க எத்தனை கிலோ வேண்டும்?

என் பெரியப்பாவுக்கு ஊரில் "இரும்புப் பல்" என்று பெயர். முழுக் கரும்பைக் கடித்துப் பட்டையை உரிப்பார். கொட்டைப் பாக்கை "கடக்" என்று உடைப்பார். பாட்டில் மூடியைக் கூடப் பல்லாலேயே திறப்பார். குழந்தைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும்.

ஒரு நாள் காலை அவருடைய கடைவாய்ப்பல் இரண்டாகப் பிளந்து விட்டது.

எதைக் கடித்தார் தெரியுமா? இட்லியை!

"பாக்கை உடைத்த பல், இட்லிக்கா உடையும்?" என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்து விட்டார்.

பல் எவ்வளவு பலம் தாங்கும்? எத்தனை கிலோ பாரத்தில் உடையும்? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் வெகு காலமாக விடை தேடி வருகிறார்கள். பல்லை எந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்க்கிறார்கள். விடையும் கிடைத்திருக்கிறது. ஆனால் ஒரு விடை அல்ல, நூறு விடை! ஒரு பரிசோதனைச் சாலையில் 80 கிலோ என்று வந்தால், இன்னொரு பரிசோதனைச் சாலையில் அதே வகைப் பல்லுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வருவது சாதாரணம்.

யாரும் பொய் சொல்லவில்லை. எந்திரமும் கெட்டுப் போகவில்லை. பல்லைச் சோதிக்கும் முறை மாறினால் விடையும் மாறி விடுகிறது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். பெரியப்பாவின் இட்லிக்கும் அதில் விடை இருக்கிறது.

கயிற்றில் தொங்கிய எடை

முதலில் கடியின் பலத்தைப் பார்ப்போம்.

இத்தாலி நாட்டில் போரெல்லி என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். மனிதனும் மிருகங்களும் எப்படி நடக்கின்றன, எப்படிப் பாரம் தூக்குகின்றன என்று ஆராய்ந்தவர். அவர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். ஒருவனுடைய கீழ்க் கடைவாய்ப்பற்களின் மேல் ஒரு கயிற்றைப் போட்டார். கயிற்றின் முனைகளில் எடைகளைத் தொங்க விட்டார். "வாயை மூடு" என்றார். அவன் தாடையை மூட, எடை மேலே எழும்பியது. இப்படிக் கிட்டத்தட்ட 200 கிலோ வரை தூக்க முடிந்தது என்று போரெல்லி எழுதினார். 1679-ல் அவர் இறந்தார். அவருடைய புத்தகம் 1680, 1681-ம் ஆண்டுகளில்தான் வெளிவந்தது.

இந்தக் காலத்துச் சாதனையையும் கேளுங்கள். 1986-ம் ஆண்டு அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகப் பல் மருத்துவக் கல்லூரியில் ரிச்சர்டு ஹாப்மேன் என்பவர் ஒரு கருவியைக் கடித்தார். 442 கிலோ! சுமார் 2 வினாடி அப்படியே கடித்துக் கொண்டு இருந்தார். கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் அவர் பெயர் ஏறி விட்டது.

நாம் எல்லோரும் ஹாப்மேன் அல்ல. உடல் வலுவுள்ள ஒருவர் கடைவாயில் முழு பலத்தோடு கடித்தால் 50 முதல் 70 கிலோ வரும். சோறு, தோசை மெல்லும்போது அதுவும் கிடையாது. பெரும்பாலும் 20 கிலோவுக்குக் கீழேதான்.

இது தாடையின் பலம். பல் எவ்வளவு தாங்கும் என்பது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்ளக் கூடாது.

பல்லின் பலத்தை முறையாகச் சோதித்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பல் வைத்தியர் ஜி. வி. பிளாக். "சொத்தை விழுகிற பல் மெதுவான பல், சொத்தை விழாத பல் கெட்டியான பல்" என்று அந்தக் காலத்து வைத்தியர்கள் நம்பினார்கள். பிளாக் அதை அப்படியே ஏற்கவில்லை. பற்களில் இருந்து சிறு சிறு கட்டிகளை வெட்டி எடுத்தார். கருவியில் வைத்து நசுக்கினார். 1895-ல் முடிவை வெளியிட்டார். சொத்தைக்கும் பல்லின் கெட்டித் தன்மைக்கும் சம்பந்தம் இல்லை என்று கண்டார். வைத்தியர்களின் பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது.

மூன்று அடுக்கு மாளிகை

பல் ஒரே பொருளால் ஆனது அல்ல.

வெளியே தெரிகிற வெள்ளைப் பகுதி எனாமல். உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள் அதுதான். எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாதுப் பொருள். கெட்டிதான், ஆனால் பீங்கானைப்போல் விரிசல் விடும்.

அதற்கு உள்ளே டென்டின். இதில் தாதுப் பொருள் 70 பங்கு. மீதியில் நாரைப் போன்ற புரதம் 20 பங்கு. தண்ணீர் 10 பங்கு. ஆகவே இது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். எனாமலில் ஒரு விரிசல் கிளம்பினால், டென்டினைத் தொடுகிற எல்லையில் பெரும்பாலும் நின்று விடுகிறது. இயற்கை போட்ட தடுப்புச் சுவர் அது!

நடுவில் ரத்தக் குழாயும் நரம்பும் உள்ள பற்கூழ்.

பல்லின் வேர் தாடை எலும்புக்குள் இருக்கிறது. ஆனால் எலும்பில் ஒட்டிக் கொண்டு இருக்கவில்லை. நடுவே மெல்லிய நார்ப் படலம் ஒன்று இருக்கிறது. ஒரு தபால் கார்டின் கனம்தான் இருக்கும். நாம் கடிக்கும்போது பல் இந்தப் படலத்தில் இம்மி அளவு அமுங்கி எழுகிறது. வண்டிக்கு வில் இருக்கிறதே, அந்த மாதிரி. இந்த வில்லை மறந்து விடாதீர்கள். பின்னால் வேலை இருக்கிறது.

பரிசோதனைச் சாலையில்

இப்போது பரிசோதனைச் சாலைக்குள் நுழைவோம்.

உள்ளே ஆள் உயரத்துக்கு ஓர் எந்திரம் நிற்கிறது. இரண்டு தூண், நடுவே மேலும் கீழும் நகரும் ஒரு குறுக்குச் சட்டம். இரும்புக் கம்பி, கான்கிரீட், பிளாஸ்டிக் எதுவானாலும் இழுத்தும் நசுக்கியும் சோதிக்கிற எந்திரம் இது. பல்லையும் இதில்தான் உடைக்கிறார்கள்.

வேரை ஒரு சிறு பிளாஸ்டிக் கட்டியில் பதித்து, எந்திரத்தின் அடியில் இறுக்கி வைக்கிறார்கள். குறுக்குச் சட்டத்தில் ஓர் எஃகுக் குண்டு. குண்டு மெல்ல மெல்ல இறங்கிப் பல்லைத் தொடுகிறது. அழுத்துகிறது. பாரம் ஏறிக் கொண்டே போவதைக் கம்ப்யூட்டர் கோடாக வரைகிறது. "படார்" என்று ஒரு சத்தம். கோடு செங்குத்தாக விழுகிறது. விழுவதற்கு முன் இருந்த எண்தான் "பல் உடைந்த பாரம்". அதை நியூட்டன் என்ற அளவில் எழுதுவார்கள். சுமார் 10 நியூட்டன் ஒரு கிலோ பாரத்துக்குச் சமம்.

சுலபமாகத் தெரிகிறது அல்லவா? இங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

முதல் கேள்வி: பல் எங்கிருந்து வந்தது? நல்ல பல்லை யாரும் பிடுங்கிக் கொடுக்க மாட்டார்கள். ஆகவே ஆராய்ச்சிக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. வாலிபர்களுக்கு இடம் இல்லாமல் முளைத்துத் தொல்லை கொடுத்த ஞானப்பல் ஒன்று. பல் வரிசையைச் சீராக்கக் கம்பி கட்டும்போது, இடம் உண்டாக்க எடுத்த முன்கடைவாய்ப்பல் இன்னொன்று. இரண்டுமே பெரும்பாலும் இளம் வயதுப் பற்கள். வயது ஏற ஏற டென்டின் விரிசலைத் தாங்கும் சக்தி குறைகிறது. பல் உடைந்து வைத்தியரிடம் ஓடுகிறவரோ 50, 60 வயதுக்காரர்! மனிதப் பல் கிடைக்காவிட்டால் மாட்டின் முன்பல்லைக் கொண்டும் சோதிப்பார்கள்.

பிடுங்கும்போது குறடு பட்டுக் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து இருக்கலாம். பூதக் கண்ணாடியில் பார்த்து அப்படிப்பட்ட பல்லைக் கழித்து விட வேண்டும். கழிக்காவிட்டால் கணக்கு அப்போதே தப்பு.

ஈரமா, காய்ந்ததா?

பிடுங்கிய பல்லை எதில் போட்டு வைத்தார்கள்? இது இரண்டாவது கேள்வி.

பச்சைப் புளிய விளாரை வளைத்துப் பாருங்கள், வளையும். அதையே வெயிலில் காய வைத்து வளையுங்கள், பட்டென்று முறியும். பல்லும் அப்படித்தான். டென்டினில் உள்ள தண்ணீர் வற்றினால் அது விறைத்து விடுகிறது. மேசை மேல் காய்ந்து கிடந்த பல்லை உடைத்து விட்டு, "வாயில் உள்ள பல்லும் இப்படித்தான்" என்று சொன்னால் ஏற்க முடியுமா? வாயில் ஏது வறட்சி? இருபத்து நான்கு மணி நேரமும் எச்சில் ஊறுகிறதே!

சரி, ஈரத்தில் வைக்கலாம். வெறும் தண்ணீரில் கிருமி வளரும். பார்மலினில் வைத்தால் கிருமி சாகும். ஆனால் பல்லில் உள்ள புரதத்தையும் அது மாற்றி விடும். ஆகையால் பலர் தைமால் கலந்த நீரில் வைக்கிறார்கள். தைமால் என்ன என்று யோசிக்க வேண்டாம். நம் வீட்டு ஓமத்துக்கு ஒரு காரமான மணம் இருக்கிறதே, அந்த மணத்தைக் கொடுக்கும் பொருள்தான் அது. குளோரமின் என்ற மருந்து நீரும் உண்டு.

பல்லோடு அடைப்புப் பசை எவ்வளவு உறுதியாக ஒட்டுகிறது என்று பார்க்கும் சோதனைக்குச் சர்வதேச தர அமைப்பு ஒழுங்கு முறை வகுத்து இருக்கிறது. பல்லைப் பிடுங்கி ஒரு மாதத்துக்குள் சோதிப்பது நல்லது. 6 மாதத்துக்கு மேல் ஆன பல் கூடாது என்கிறது. முழுப் பல்லை உடைக்கும் சோதனையிலோ, ஆராய்ச்சிக்கு ஆராய்ச்சி முறை வேறுபடுகிறது.

வில் இல்லாத வண்டி

எல்லாவற்றிலும் சுவாரசியமானது மூன்றாவது கேள்வி. பல்லை எப்படிப் பிடித்து வைத்தார்கள்?

நார்ப் படலம் என்ற வில்லைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? பிடுங்கிய பல்லில் அது வேலை செய்யாது. வேரை அப்படியே கெட்டிப் பிளாஸ்டிக்கில் பதித்து விட்டால், பல் அசையவே முடியாது. வில் இல்லாத வண்டியில் குண்டும் குழியுமான சாலையில் போவதைப் போன்றது அது. அடி எல்லாம் ஒரே இடத்தில் விழும்.

இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். வேரை உருகிய மெழுகில் ஒரு முறை முக்கி எடுக்கிறார்கள். மெழுகு மெல்லிய தோலாகப் படிகிறது. பிறகு பிளாஸ்டிக்கில் பதிக்கிறார்கள். பிளாஸ்டிக் இறுகியதும் பல்லை வெளியே எடுத்து, மெழுகைச் சுரண்டுகிறார்கள். இப்போது பல்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே மெழுகின் கனத்துக்கு ஓர் இடைவெளி. அதில் ரப்பர் போன்ற பசையை நிரப்பிப் பல்லைத் திரும்பச் செருகுகிறார்கள். வாயில் இருப்பதைப் போல் ஒரு பொய் வில் தயார்!

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். 2005-ம் ஆண்டு பிரேசில் நாட்டில் சோரஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இதைச் சோதித்தார்கள். மாட்டின் முன்பற்கள் 80 எடுத்துக் கொண்டார்கள். பத்துப் பத்தாக 8 கூறு போட்டார்கள். இரண்டு வகைப் பிளாஸ்டிக். ஒவ்வொன்றிலும் ரப்பர் இல்லாமல் ஒரு கூறு, மூன்று விதமான ரப்பர் வைத்து மூன்று கூறு. எல்லாவற்றையும் ஒரே வேகத்தில், ஒரே மாதிரி உடைத்தார்கள்.

முடிவு என்ன? பதித்த முறை மாறினால் பல் உடைகிற பாரம் மாறியது. அது மட்டும் அல்ல. ரப்பர் வைத்தால் பல் உடைகிற விதமே மாறியது!

இது சாதாரண விஷயம் அல்ல. பல்லின் தலை மட்டும் உடைந்தால் வைத்தியர் அதைச் சீராக்க முடியும். வேர் பிளந்தால் பிடுங்குவதைத் தவிரப் பெரும்பாலும் வேறு வழி இல்லை. ஒரு புது அடைப்புப் பொருளைச் சோதித்து விட்டு, "இதை வைத்தால் வேர் பிளக்காது" என்று சொல்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அது பொருளின் குணமா, அல்லது பல்லைப் பதித்த விதத்தின் குணமா?

ஆப்பும் குண்டும்

எஃகுக் குண்டுக்கும் இதே கதைதான்.

முன்கடைவாய்ப்பல்லில் இரண்டு மேடு, நடுவே ஒரு பள்ளம். சிறு குண்டை வைத்தால் பள்ளத்தில் ஆழமாக இறங்கும். பெரிய குண்டு மேட்டின் உச்சிக்குப் பக்கத்திலேயே நின்று விடும். பாரம் ஏற ஏறக் குண்டு இரண்டு மேட்டையும் வெளியே தள்ளும். விறகில் ஆப்பு அடிக்கிற வேலை! தட்டையான பலகையால் அழுத்தினாலோ ஆப்பே கிடையாது. பல் ஒன்றுதான், எண் வேறு.

சாய்வும் முக்கியம். நேராக மேலிருந்து அழுத்தினால் பல் தூணைப்போல் தாங்கும். பக்கவாட்டில் சாய்த்து அழுத்தினால் அதைவிட மிகக் குறைந்த பாரத்திலேயே முறியும். உலக்கை போலச் சும்மா மேலும் கீழும் அல்ல. நாம் மெல்லும்போது தாடை பக்கவாட்டிலும் அரைக்கிறது.

வேகத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். பல ஆராய்ச்சிகளில் எந்திரம் ஒரு நிமிஷத்துக்கு அரை மில்லிமீட்டர் நகர்கிறது. ஓர் அரிசியின் கனத்தைக் கடக்க மூன்று நான்கு நிமிஷம்! அந்த வேகத்தில் சாப்பிட்டால் காலைப் பலகாரம் முடிய மறுநாள் ஆகும்.

தேங்காய் உடைக்கிறவர்களுக்கு இது எல்லாம் புதிது அல்ல. கண் எங்கே, நரம்பு எங்கே என்று பார்த்துத் தட்டினால் சிறுவன் கூட இரண்டே தட்டில் உடைப்பான். தெரியாதவன் பத்துத் தட்டுத் தட்டுவான். "தேங்காய் உடைய எத்தனை கிலோ வேண்டும்?" என்று கேட்டால், "யார், எப்படி, எங்கே தட்டினார்கள்?" என்று நம் பாட்டியே திருப்பிக் கேட்பாள்.

இட்லியின் ரகசியம்

இப்போது பெரியப்பாவிடம் வருவோம்.

எந்திரம் பல்லை ஒரே அழுத்தில் உடைக்கிறது. முழுக் கடைவாய்ப்பல் 200 கிலோவுக்கு மேல் தாங்குவதும் உண்டு. நாமோ 20 கிலோவுக்குக் குறைவாகத்தான் மெல்லுகிறோம். இந்தக் கணக்குப்படி ஒருவர் பல்லும் உடையவே கூடாது. ஆனால் உடைகிறதே!

காரணம், வாய் ஒரே அடியில் உடைப்பது இல்லை. சிறு சிறு அடி, ஆயிரம் அடி, லட்சம் அடி. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக் கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் விரல் பலத்திலேயே அறுந்து விடுகிறது அல்லவா? அதே கதை. பாக்கு உடைத்த நாளில் ஒரு விரிசல் பிறந்து இருக்கும். ஒவ்வொரு கடிக்கும் அது மயிரிழை மயிரிழையாக வளர்ந்து இருக்கும். கடைசி மயிரிழையை இட்லி முடித்து வைத்தது.

பெரியப்பாவின் பல்லைப் பார்த்த டாக்டர் உடைந்த துண்டைக் காட்டினார். உடைந்த முகத்தில் ஒரு பகுதி வெள்ளை வெளேர் என்று இருந்தது. மற்றப் பகுதி வெற்றிலைக் காவி ஏறிப் பழுப்பாக இருந்தது. "வெள்ளை இன்று உடைந்தது. பழுப்பு வெகு நாளாகவே விரிசல்" என்றார்.

இதைப் பரிசோதனைச் சாலையில் எப்படிச் செய்து பார்ப்பது? அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டிலாங், டக்ளஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு "செயற்கை வாய்" செய்தார்கள். 1983-ல் அதைப் பற்றி எழுதினார்கள். மனிதத் தாடையைப்போல் அது மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைந்து மெல்லும். அதற்குப் பிறகு பல நாடுகளில் மெல்லும் எந்திரங்கள் வந்தன. தண்ணீருக்குள் பல்லை வைத்து, சுமார் 5 கிலோ பாரத்தில் விடாமல் தட்டுகிறார்கள். மனிதன் ஒரு வருஷத்தில் சுமார் இரண்டரை லட்சம் தடவை மெல்லுகிறான் என்று ஒரு கணக்கு வைத்துக் கொண்டு, 12 லட்சம் தட்டுத் தட்டினால் 5 வருஷம் என்கிறார்கள். வினாடிக்கு ஒரு தட்டு என்றால் இரவும் பகலும் 14 நாள் ஓட வேண்டும்.

கூடவே குளிர்ந்த நீரும் சுடுநீரும் மாற்றி மாற்றிப் பாய்ச்சுவார்கள். 5 டிகிரி, 55 டிகிரி. ஐஸ் கிரீமும் காபியும்!

பொறுமை வேண்டும், பணமும் வேண்டும். ஓர் அழுத்தில் உடைக்கிற சோதனையோ ஒரு நாளில் முடிந்து விடும். ஆகையால்தான் இன்னும் பலர் அதையே செய்கிறார்கள். அதைக் குற்றம் சொல்லவில்லை. ஒரே முறையில் பத்துப் பொருள்களைச் சோதித்து, இதில் எது தேவலை என்று ஒப்பிட அது உதவும். அந்த எண்ணைத் தூக்கிக் கொண்டு நேரே வாய்க்குள் போவதுதான் தவறு.

1999-ல் அமெரிக்க நிபுணர் ராபர்ட் கெல்லி இதை அழுத்தமாகச் சொன்னார். பீங்கானால் செய்த பல் மூடிகளை அவர் ஆராய்ந்தார். வாயில் உடைந்த மூடிகளில் விரிசல் உட்புறத்தில், பல்லோடு ஒட்டும் பக்கத்தில் இருந்து கிளம்பி இருந்தது. எந்திரத்தில் எஃகுக் குண்டு அழுத்தி உடைத்த மூடிகளிலோ விரிசல் மேலே, குண்டு தொட்ட இடத்திலேயே கிளம்பியது. வாயில் நடக்காத ஒன்றை எந்திரத்தில் உண்டாக்கி, அதற்கு ஓர் எண்ணையும் கொடுத்துக் கொண்டு இருந்தார்கள்!

செத்த பல் காய்ந்த குச்சியா?

இது எல்லாம் விஞ்ஞானிகள் சண்டை, நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டுப் பணமும் பல்லும் இதில் இருக்கின்றன.

வேர் சிகிச்சை செய்த பல்லைப் பற்றி ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? "நரம்பை எடுத்து விட்டால் பல் செத்து விடும். தண்ணீர் வற்றிக் காய்ந்த குச்சி ஆகிவிடும். எப்படியும் உடையும். பிடுங்கி விடுவதே மேல்" என்கிறார்கள். வைத்தியர்களே வெகு காலம் அப்படி நம்பினார்கள்.

அதற்கு ஓர் ஆதாரமும் இருந்தது. 1972-ல் வந்த ஓர் ஆராய்ச்சியில், பற்கூழ் எடுத்த பல்லில் ஈரம் 9 சதவிகிதம் குறைவு என்று கண்டார்கள். ஆனால் சோதித்தது மனிதப் பல்லை அல்ல, நாயின் பல்லை! 1994-ல் மனிதப் பல்லைச் சோதித்தபோது, உயிருள்ள பல்லில் ஈரம் 12.35 சதவிகிதம், வேர் சிகிச்சை செய்த பல்லில் 12.10 சதவிகிதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்.

1992-ல் செட்ஜ்லி, மெஸ்ஸர் என்ற இரு நிபுணர்கள் இன்னும் கெட்டிக்காரத்தனமாகச் சோதித்தார்கள். ஒருவர் பல்லையும் மற்றொருவர் பல்லையும் ஒப்பிட்டால் தானே தகராறு? ஆகவே ஒரே ஆளின் வாயில் இருந்து இரண்டு பல். ஒரு பக்கம் வேர் சிகிச்சை செய்த பல். மறு பக்கம் அதே இடத்தில் உள்ள உயிருள்ள பல். இப்படி 23 ஜோடி. சிகிச்சை செய்து சராசரி 10 வருஷம் ஆன பற்கள். துளைத்தும் உடைத்தும் பார்த்தார்கள். டென்டினின் பலத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கடினத்தில் மட்டும் 3.5 சதவிகிதம் வித்தியாசம்.

அப்படியானால் வேர் சிகிச்சை செய்த பல் ஏன் அடிக்கடி உடைகிறது?

இதற்கு 1989-லேயே மினசோட்டாவில் ஒரு விடை கிடைத்து இருந்தது. ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் என்ற மூவரும் பல்லை உடைக்கவே இல்லை. அதில்தான் புத்திசாலித்தனம்! பல்லின் சுவரில் ஒரு நுட்பமான கருவியை ஒட்டினார்கள். லேசாக அழுத்தி, சுவர் எவ்வளவு வளைகிறது என்று அளந்தார்கள். பிறகு அதே பல்லில் கொஞ்சம் குடைந்து, மறுபடியும் அளந்தார்கள். உடைந்த பல்லை இரண்டாம் தடவை சோதிக்க முடியாது. உடையாத பல்லை எத்தனை தடவையும் சோதிக்கலாம் அல்லவா?

வேர் சிகிச்சைக்குத் துளை போட்டதால் பல்லின் விறைப்பு 5 சதவிகிதம்தான் குறைந்தது. மேல் பரப்பில் மட்டும் அடைப்புக்குக் குழி தோண்டினால் 20 சதவிகிதம். பக்கத்துப் பற்களைத் தொடும் இரண்டு ஓரங்களையும் சேர்த்து வெட்டி விட்டால் 63 சதவிகிதம் போயிற்று!

ஆகவே குற்றவாளி நரம்பை எடுத்தது அல்ல. சொத்தை தின்றும், தோண்டியும் போன சுவர்தான். பானையின் வாய் விளிம்பு உடைந்தால் பானை பலம் இழக்கிறது. உள்ளே தண்ணீர் இருந்ததா என்பது கேள்வி அல்ல.

இதனால்தான் கடைவாயில் வேர் சிகிச்சை செய்த பிறகு, பல்லை முழுவதும் கவ்விப் பிடிக்கும் மூடி போடச் சொல்கிறார்கள். எந்திரத்தை விட்டு விட்டு, நோயாளிகளின் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2002-ல் அமெரிக்காவில் வந்தது. மூடி போடாத பற்கள், மூடி போட்ட பற்களைவிட 6 மடங்கு வேகத்தில் விழுந்து போயின என்று அது கண்டது. ஓரங்கள் நன்றாக உள்ள முன்பல்லுக்கு எப்போதும் மூடி தேவைப்படுவது இல்லை. இடத்துக்கு இடம், பல்லுக்குப் பல் வேறுபடும். டாக்டரிடம் கேளுங்கள்: "என் பல்லில் எத்தனை சுவர் மிச்சம் இருக்கிறது?"

"இந்த அடைப்பு 300 கிலோ தாங்கும்" என்று யாராவது விளம்பரத்தைக் காட்டினால் மலைத்து விடாதீர்கள். பல் ஈரமாக இருந்ததா? ரப்பர் வைத்துப் பதித்தார்களா? நேராக அழுத்தினார்களா, சாய்த்தா? ஒரே அழுத்தா, லட்சம் தட்டா? இவற்றுக்கு விடை இல்லாமல் 300 என்பது வெறும் எண்.

பெரியப்பாவுக்கு அந்தப் பல் போய் விட்டது. பிளவு வேர் வரை இறங்கி விட்டதால் காப்பாற்ற முடியவில்லை. டாக்டர் கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதில்தான் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"முன்னாலேயே வலித்து இருக்குமே?" என்றார் டாக்டர்.

"கடிக்கும்போது அவ்வளவாக இல்லை. கடித்து விட்டு வாயைத் திறக்கிறபோது மட்டும் சுரீர் என்று ஒரு வெட்டு. உடனே போய் விடும். அதனால் பேசாமல் இருந்து விட்டேன்" என்றார் பெரியப்பா.

விரிசல் விட்ட பல்லின் அடையாளம் அதுதான். பல்லை அழுத்தி விடும்போது பிளவின் இரண்டு பக்கமும் அசைகின்றன. அப்போதுதான் அந்தச் சுரீர். பிளவு வேருக்கு இறங்கும் முன் காட்டி இருந்தால், ஒரு மூடி போட்டே அந்தப் பல்லைப் பிடித்து வைத்து இருக்கலாம் என்றார் டாக்டர்.